துவாரகாவின் இணையத்தள அரங்கேற்றம்

நாகரிகங்கள் ஆற்றங்கரைகளில்தான் தோன்றுகின்றன. நைல் நதிக்கரையில் ஒன்று தோன்றியது. யூப்ரட்டீஸ் கரையில் ஒன்று. சிந்துவின் கரையில் இன்னொன்று. கடைசியாக அவுஸ்திரேலியாவின் பரமட்டா ஆற்றங்கரையில் தமிழர் நாங்கள் தோன்றினோம். முதல் மூன்றும் ஏன் அழிந்தன என்று அறிஞர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். வறட்சி என்கிறார் ஒருவர். ஆறு திசை மாறியது என்கிறார் மற்றவர். என்னைக் கேட்டால் காரணம் வெளிப்படை. அவர்களுக்கு மண்டபத்தை முற்பதிவு செய்யத் தெரியாது. பிரதம விருந்தினரை நேரத்தோடு பிடித்து வைக்கத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். ஆகவே நாங்கள் அழியப்போவதில்லை.

இதை நான் சும்மா சொல்லவில்லை. 'தென்திசை முரசு' மாத இதழின் கலை விமர்சகன் என்ற முறையில் சொல்கிறேன். சிவபாலன் என்று பெயர் சொன்னால் எங்கள் வென்ற்வேர்த்வில் வட்டாரத்தில் எந்தக் கதவும் திறக்கும். அரங்கேற்ற வயதில் பிள்ளை இருக்கும் வீடென்றால் சாப்பாடும் வரும்.

அப்படி ஒரு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் வரலாறு தொடங்கியது.

வீடு கணேசலிங்கத்தினுடையது. ரயில்வேயில் பொறியியலாளர். ரயில் பிந்துவதற்குத் தான் பொறுப்பில்லை என்பதை எவருக்கும் விளக்கக்கூடியவர். மனைவி மிருணாளினி. ஒரே மகள் துவாரகா, பதினோராம் வகுப்பு. அந்த வீட்டில் பளிங்குத் தரை இருந்தது, இரண்டு கார்கள் இருந்தன, பின்வளவில் கறிவேப்பிலை மரமும் இருந்தது. இல்லாதது அரங்கேற்றம் ஒன்றுதான். துவாரகாவுக்கு ஆறு ஆண்டுகள் நடனம் சொல்லிக்கொடுத்த ஆசிரியை ஒருநாள் மிருணாளினியைத் தனியே கூப்பிட்டு, "பிள்ளைக்கு வாசிப்பிலை நல்ல ஆர்வம்" என்றார். நாட்டிய உலகில் இதைவிடக் கடுமையான தீர்ப்பு கிடையாது.

அன்றிலிருந்து மிருணாளினி மற்றவர்களின் அரங்கேற்றங்களுக்குப் பரிசுப் பொதியோடு போய், இரண்டாம் வரிசையில் இருந்து, புன்னகைத்துவிட்டுத் திரும்பி வந்தார். பரிசு கொடுத்துக்கொண்டே இருப்பதும் திரும்ப வாங்க ஒரு வழியுமில்லாமல் இருப்பதும் எப்படிப்பட்ட வேதனை என்பதைப் பெற்ற வயிறுதான் அறியும்.

நான் இடியப்பத்தின் மேல் சொதி ஊற்றிக்கொண்டிருந்தேன். துவாரகா குசினி வாசலில் வந்து நின்றாள்.

"அங்கிள், ஏன்ஷியன்ற் சிவிலைசேஷன்ஸ் பற்றிப் படிக்க நல்ல வெப்சைற் ஏதும் தெரியுமா? நம்பக்கூடினதா வேணும். ஹிஸ்ரரி ஒப்படைக்கு, ஸ்கூல் அசைன்மென்ற்."

"கூகிளிலை அடிச்சுப் பார் பிள்ளை" என்றேன், ஓர் அறிஞனுக்குரிய நிதானத்தோடு.

"அடிச்சனான். முதல் வந்ததிலை பிரமிட்டை வேற்றுக்கிரகவாசி கட்டினதெண்டு இருக்கு. ரெண்டாவதிலை பிரமிட் படம் போட்ட மெத்தை விக்கிறாங்கள்."

"மெத்தை என்ன விலையாம்?" என்றார் மிருணாளினி.

"அம்மா! இது சீரியஸ். மிஸ் இந்த ஒப்படையைப் பார்த்துத்தான் அடுத்த வருசம் எக்ஸ்ரென்ஷன் ஹிஸ்ரரிக்கு ஆக்களை எடுப்பா. எனக்கு அந்த வகுப்பு வேணும்."

அந்தப் பிள்ளை கேட்டது அவ்வளவுதான். நல்ல தளம் நாலைந்து. சத்தமில்லாத ஒரு மூலை. வேறு வீடுகளில் இதற்கு ஒரு பதில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். கணேசலிங்கம் சாதாரண மனிதர் அல்லர். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். கையைக் கழுவினார். சுவரைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"மிருணா, நடனம்தான் அரங்கேற வேணுமெண்டு எந்தச் சாத்திரத்திலை கிடக்கு?"

"என்னப்பா சொல்லுறியள்?"

"பிள்ளை இணையத்தளம் தேடுறாள். நல்லாத்தான் தேடுறாள். அதை ஏன் மேடையிலை தேடக்கூடாது?"

மிருணாளினியின் கண்கள் கலங்கின. நான் சொதியை மறந்தேன். துவாரகா மட்டும், "வாட்?" என்றாள்.

உலகின் முதலாவது 'இணையத்தள ஆய்வு அரங்கேற்றம்' அந்தக் குசினியில் இப்படித்தான் கருக்கொண்டது.

அரங்கேற்றம் என்றால் குரு வேண்டும். குருவில்லாமல் கூகிளைத் தொட்டால் அது வித்தையாகாது, வெறும் பாவனை. வங்கி ஒன்றின் கணினி உதவிப் பிரிவில் வேலை செய்யும் சுஜீதனைக் குருவாக நியமித்தோம். அவருக்கு 'இணையக் கலைமாமணி' என்ற பட்டத்தை நாங்களே கொடுத்தோம். பட்டத்தைக் கொடுப்பவர் எங்கிருந்து வாங்கினார் என்று கேட்கும் வழக்கம் எங்களிடம் இல்லை.

சுஜீதனின் பாடத்திட்டம் மரபு வழுவாதது. அலாரிப்பில் கடவுச்சொல் அடிப்பது. ஜதிஸ்வரத்தில் தாளம் தவறாமல் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குத் தாவுவது. வர்ணம் முழுக்க எகிப்து. தில்லானாவில் எல்லா நாகரிகமும் ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக அழிவது. இடையில் உடைமாற்றம் உண்டு. கிரேக்க உடை ஹரிஸ் பார்க் கடைத்தெருவில் சேலை வாங்கித் தைக்கப்பட்டது. சரிகைக் கரை வைத்த கிரேக்க உடையை அதற்கு முன் கிரேக்கரும் கண்டதில்லை.

நல்ல தளம் எது என்பதற்கும் குரு அளவுகோல் வைத்திருந்தார். நான் வகுப்புக்குப் போயிருந்த நாளில் அதைக் கேட்கும் பாக்கியம் கிடைத்தது.

"திறந்த உடனை பாட்டு வரவேணும்" என்றார் சுஜீதன். "படம் அசையவேணும். எழுத்துக் கனக்க இருந்தால் சனம் போனை எடுத்திடும்."

"சேர், இந்த மியூசியம் சைற்றைப் பாருங்கோ" என்றாள் துவாரகா. "ஒவ்வொரு பொருளும் எங்கை தோண்டினது, எப்ப எடுத்தது எண்டு இருக்கு. இது யூனிவேர்சிற்றி ஒண்டின்ரை. கல்வெட்டை ஆர் மொழிபெயர்த்தது எண்டு பேர் போட்டிருக்கு. பிழை பிடிக்கிறதெண்டாலும் ஆரைக் கேக்கிறதெண்டு தெரியும்."

குரு திரையைப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"பின்னணி வெள்ளையாக் கிடக்கு, பிள்ளை. மேடையிலை எடுபடாது."

"ஆனால் இது உண்மை, சேர்."

"உண்மை வேறை, மேடை வேறை. இதைப் பார்." அவர் ஒரு தளத்தைத் திறந்தார். மேளம் முழங்கியது. பிரமிட் ஒன்று சுழன்றது. அதன் உச்சியில் திரிசூலம் இருந்தது. பக்கத்தில் ஒரு பெண் வீட்டுக்கடன் வேண்டுமா என்று கண்சிமிட்டினாள். "எப்படி?"

"ஆர் எழுதினது எண்டு எங்கையும் இல்லையே, சேர்."

"அதுதான் தன்னடக்கம்" என்றார் இணையக் கலைமாமணி.

துவாரகா வீட்டுக்குப் போய், கதவைச் சாத்தி, வெள்ளைப் பின்னணித் தளங்களையே வாசித்தாள் என்று பிறகு அறிந்தேன். கதவு அதிக நேரம் சாத்தியிருக்கவில்லை. அளவெடுக்க ஆள் வந்தது. அழைப்பிதழுக்குப் படம் பிடிக்க ஆள் வந்தது. எகிப்திய முத்திரை பழக்குவதற்கு மிருணாளினியே வந்தார். வாசிக்கும் தலைப்பையே கொண்டாடுவதற்காக ஒரு பிள்ளையின் வாசிப்பை இவ்வளவு அக்கறையோடு குழப்பிய பெற்றோரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஒப்படை கொடுக்கவேண்டிய நாள் வெள்ளிக்கிழமை. அரங்கேற்றம் சனி பின்னேரம். வியாழக்கிழமை பூசை.

நடன அரங்கேற்றத்துக்கு முன்னர் சலங்கைக்குப் பூசை செய்வது மரபு. மரபை நாங்கள் மீறமாட்டோம். ஆகவே துவாரகாவின் மடிக்கணினியைத் தாம்பாளத்தில் வைத்தோம். மூடியில் விபூதி பூசி, கமராக் கண்ணில் சந்தனப் பொட்டிட்டு, அதன்மேல் குங்குமம் வைத்தோம். ஐயருக்கு அன்று வேறு இடத்தில் கிரகப்பிரவேசம் இருந்ததால் மந்திரத்தைச் சுஜீதன் தரவிறக்கம் செய்திருந்தார். நடுவில் ஒருமுறை பற்பசை விளம்பரம் வந்தது. நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு அதையும் பக்தியோடு கேட்டோம்.

பிறகு மிருணாளினி செம்பை எடுத்து மாவிலையால் தெளித்தார்.

"அம்மா! கீபோர்ட்டுக்கை தண்ணி!"

"அது தண்ணியில்லை. தீர்த்தம்."

"தீர்த்தமும் தண்ணிதான் அம்மா! நிப்பாட்டுங்கோ!"

"இன்னும் ரெண்டு தரம் தெளிக்கவேணும். குறையிலை விடக்கூடாது."

திரை ஒருமுறை நீலமாக மின்னியது. பிறகு கறுத்தது. 

"சாமி ஏற்றுக்கொண்டுட்டார்" என்றார் கணேசலிங்கம், கைகூப்பிக்கொண்டு.

"ஓஃப் பண்ணி ஒன் பண்ணிப் பாருங்கோ" என்றார் குரு. அதுவே அவருடைய தொழில்சார் அறிவின் முழுமை.

ஓஃப் ஆகத்தான் இருந்தது. ஒன் ஆகவில்லை.

துவாரகா அழவில்லை. எழுதியதெல்லாம் இணையத்தில் சேமித்திருந்தாளாம். ஆனால் அதைத் திறந்து மிச்சத்தை எழுதி முடிக்க ஒரு கருவி வேண்டும். தகப்பனின் கணினியைக் கேட்டாள்.

"அதிலை அரங்கேற்றத்திலை காட்டிற படமெல்லாம் ஏத்தியாச்சு. சுஜீதன்தான் கொண்டுவந்து போட்டவர். தொடக்கூடாது."

தாயின் கைபேசியைக் கேட்டாள்.

"ஐயோ பிள்ளை, எத்தினை பேர் வருகினம் எண்டு சனம் எடுத்துக்கொண்டிருக்கு. இப்ப போய் உன்ரை படிப்பைத் தூக்கிக்கொண்டு வாறாய்!"

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் இரண்டாவது மோதகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் தன் ஆசிரியைக்கு எழுதினாள். கணினி ஏன் பழுதானது என்ற இடத்தில் என்ன எழுதினாளோ தெரியாது. அவுஸ்திரேலியர்கள் நல்லவர்கள். ஒருநாள் அவகாசம் கொடுத்தார்கள். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பள்ளியின் தளம் மூடப்படும். அதற்குள் ஒப்படை போய்ச் சேர்ந்தால் சரி. சேராவிட்டால் பூச்சியம், அடுத்த வருட வகுப்பும் இல்லை.

சனி காலையில் துவாரகா பள்ளிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தகப்பன் முன் வந்து நின்றாள்.

"அப்பா, நான் லைப்ரரிக்குப் போறன். அங்கை கொம்பியூட்டர் இருக்கு. ஒப்படையை அனுப்பிப்போட்டுத்தான் ஹோலுக்கு வருவன். பிந்தினால் நீங்கள் தொடங்குங்கோ."

"ஓம், ஓம்" என்றார் கணேசலிங்கம். காதில் கைபேசி. "வடை ஆளுக்கு ரெண்டு. ஓம். மூண்டு வைச்சால் மிச்சம் வரும்."

"அப்பா, விளங்கினதோ?"

"ஓம் எண்டனெல்லோ!"

ஒரு தந்தை மகளின் கல்விக்கு இவ்வளவு விரைவாகச் சம்மதம் கொடுப்பதைக் காணும்போது நெஞ்சு நிறைகிறது.

இனி என் பங்கைப் பற்றி அடக்கத்தோடு சொல்லவேண்டும்.

அரங்கேற்ற விமர்சனத்தை நிகழ்ச்சிக்குப் பிறகு எழுதுவது பழைய முறை. அதில் பெரிய ஆபத்து உண்டு. நிகழ்ச்சியின் குறைகள் விமர்சனத்துக்குள் புகுந்துவிடும். முன்கூட்டியே எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. என்னிடம் ஒரு மூலக் கோப்பு இருக்கிறது. பெயர், குரு, மண்டபம், பிரதம விருந்தினர் என்ற நான்கை மட்டும் மாற்றினால் போதும். பத்து ஆண்டுகளாக இந்நகரில் ஓர் அரங்கேற்றமும் சோடை போகாததற்கு அந்தக் கோப்பும் ஒரு காரணம் என்று சொன்னால் அது தற்பெருமை ஆகாது.

சனி மதியமே நான்கையும் மாற்றினேன். பிற்பகலில் 'முரசு' இணையத்தளத்தில் ஏற்றினேன். அதிலிருந்து ஒரு பகுதி:

"அன்று அரங்கில் நாம் கண்டது துவாரகாவை அல்ல, சாட்சாத் கலைமகளையே. அரைமண்டியில் சிறிதும் தளர்வின்றி மெசப்பொத்தேமியாவை அவர் வெளிப்படுத்திய பாங்கு அவையோரை மெய்சிலிர்க்க வைத்தது. எகிப்தில் கண்ணீர் மல்காத கண்களே இல்லை. முகபாவங்களில் குருவின் முத்திரை பளிச்சிட்டது. நன்றியுரையில் செல்வி துவாரகா தழுதழுத்தபோது மண்டபமே தழுதழுத்தது."

மெசப்பொத்தேமியாவுக்கு அரைமண்டி எதற்கு என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும். கலையில் சில வரிகளை மாற்றக்கூடாது.

மாலையில் மண்டபம் நிரம்பியது. ஐந்தரைக்குத் தொடங்கவேண்டிய விழா, எங்கள் மரபுப்படி, எல்லாரும் வந்ததும் தொடங்கியது. மண்டபத்தில் புகை எழுந்தால் தீயணைப்பு வண்டி வந்துவிடும் என்பதால் குத்துவிளக்கில் மின்கலத்தால் எரியும் சின்ன விளக்குகளைப் பொருத்தியிருந்தோம். பிரதம விருந்தினர் எரியாத மெழுகுதிரி ஒன்றால், ஏற்கனவே எரிந்துகொண்டிருந்த அவற்றை ஏற்றிவைத்தார். கைதட்டல்.

இந்நாட்டு விழா வழக்கப்படி, இந்த நிலத்தின் ஆதிக்குடிகளுக்கு வணக்கம் செலுத்தும் வாசகத்தை நானே வாசித்தேன். அவர்களுடையது உலகின் மிகத் தொன்மையான, இன்றும் வாழும் பண்பாடு என்று அந்தத் தாளில் எழுதியிருந்தது. அப்படியா என்று நினைத்துக்கொண்டேன். பண்டைய நாகரிகங்களைப் பற்றிய விழா என்பதால் நேரம் குறைவாக இருந்தது. ஒரே மூச்சில் வாசித்துவிட்டு இறங்கினேன்.

பிரதம விருந்தினர் டொக்டர் அருந்தவன் பல் வைத்தியர். இந்நகரத் தமிழரின் வாயெல்லாம் அறிந்தவர். அவருடைய உரை ஆழமானது.

"நான் இந்த நாட்டுக்கு வரேக்கை ஒரேயொரு சூட்கேஸ்தான் கொண்டு வந்தனான்" என்று தொடங்கினார். சூட்கேஸிலிருந்து அவர் எகிப்துக்கு வரவில்லை. முதல் வீடு வாங்கியதற்கு வந்தார். இரண்டாம் வீட்டுக்கு வந்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "எகிப்தியருக்குப் பல்லு மோசம். மம்மிகளின்ரை பல்லைப் பாத்தால் தெரியும். இந்தப் பிள்ளை துவாரகா அதையெல்லாம் இண்டைக்குக் காட்டுவா" என்று முடித்தார்.

அடுத்துக் குருவுக்குப் பொன்னாடை. குரு பெற்றோருக்குப் பொன்னாடை. பெற்றோர் பிரதம விருந்தினருக்கு. பிரதம விருந்தினர் எனக்கு. மேடையில் நின்றவர்களில் போர்த்தப்படாதது ஒலிவாங்கி மட்டும்தான்.

நடுவே மிருணாளினி என் காதருகில் குனிந்தார்.

"சிவபாலன் அண்ணை, பிள்ளை எங்கை?"

"உள்ளுக்கு ஒப்பனை நடக்குமாக்கும்" என்றேன்.

ஒப்பனை அறையில் உடுப்புக்குப் பொறுப்பான யோகா அன்ரி கிரேக்க உடையோடும் எகிப்தியக் கண்மையோடும் காத்திருந்தார். பிள்ளை நேரே மேடைக்குப் போய்விட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டாராம். ஒவ்வொருவரும் மற்ற இடத்தில் அவள் இருப்பதாக நம்பினோம். நம்பிக்கைதான் ஒரு சமூகத்தின் அத்திவாரம்.

விளக்குகள் அணைந்தன. திரை ஒளிர்ந்தது. மண்டபத்தின் இணைய இணைப்பை நம்பமுடியாது என்பதால் சுஜீதன் எல்லாத் தளங்களையும் முன்னரே படம் பிடித்து வைத்திருந்தார். மகளின் தமிழ் உச்சரிப்பையும் நம்பமுடியாது என்பதால் விளக்கவுரையை மிருணாளினியின் குரலில் முன்னரே பதிவு செய்திருந்தார்கள். ஆக, தேடுபவள் இல்லாமலே தேடல் தொடங்கியது. மிருதங்கம் முழங்கியது. பிரமிட் சுழன்றது. சுமேரியாவுக்குத் தாளத்தில் ஒரு தீர்மானம், மாயா நாகரிகத்துக்கு ஒரு கோர்வை. இருட்டில் கைபேசிகள் மின்மினிகளாக ஒளிர்ந்தன. தலை நிமிர்த்திப் பார்த்த சிலர் பிள்ளை திரைக்குப் பக்கத்தில், இருட்டுக்குள் எங்கோ நிற்பதாக எண்ணிக்கொண்டார்கள். தில்லானாவில் நாகரிகங்கள் எல்லாம் அழிந்து முடிந்தபோது, மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. அந்த நேரம்தான் சாப்பாடு தயார் என்றும் அறிவித்தார்கள்.

நன்றியுரை மட்டும் மிஞ்சியது. கணேசலிங்கம் மேடையேறி, "துவா களைச்சுப்போனா. அதாலை நானே சொல்லுறன்" என்று சொல்லி முடித்தார். தகப்பன் குரல் தழுதழுத்தது. மண்டபமும் தழுதழுத்தது. என் விமர்சனத்தில் அந்த வரியும் சரியாகிவிட்டது.

சாப்பாட்டு மேசையருகே நான் வடை எடுத்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. துவாரகா உள்ளே வந்தாள். சாம்பல் நிறத் தொப்பிச் சட்டை, தோளில் பள்ளிப் பை, தலை கலைந்து கிடந்தது. முகத்தில் மட்டும் வெகுநாளாக இல்லாத ஒரு தெளிவு.

டொக்டர் அருந்தவன் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"வலு திறம் பிள்ளை! அதுவும் அந்த எகிப்து! நான் அசந்துபோனன்."

"தாங்க்ஸ் அங்கிள். ஆனால் நான் இப்பத்தான் வாறன்."

"பாருங்கோ அடக்கத்தை!" என்று டொக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இல்லை அங்கிள், சீரியஸா. நான் இஞ்சை இருக்கேல்லை. லைப்ரரி அஞ்சு மணிக்குப் பூட்டிப்போட்டினம். ஹரிஸ் பார்க்கிலை ஒரு சுவீட் கடையிலை இருந்து என்ரை பிரெண்டின்ரை லப்டொப்பிலை அனுப்பினனான்."

"அந்தக் கடை ஜிலேபி நல்லம், என்ன?" என்றார் டொக்டர்.

யோகா அன்ரி ஓடிவந்து அவள் கன்னத்தைத் தடவினார். "உடுப்பு மாத்திப்போட்டியோ ராசாத்தி? மேடையிலை அந்தக் கிரேக்க உடுப்பு என்ன வடிவு!" உடுப்பு அவருடைய இடது கையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

மிருணாளினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"எங்கையடி போனனீ?"

"லைப்ரரிக்கு. அப்பாட்டைச் சொல்லிப்போட்டுத்தான் போனனான்."

"அப்ப மேடையிலை ஆர் நிண்டது?"

"நோபடி, அம்மா."

மிருணாளினியின் முகம் ஒருகணம் விழுந்தது. அவர் மேடையைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். வாய் திறந்து ஏதோ கேட்க வந்தார். அனுப்பிவிட்டாயா என்று கேட்க வந்தாரோ என்னவோ. கணேசலிங்கம் அவசரமாக இடையில் புகுந்தார்.

"சத்தம் போடாதேங்கோ. வீடியோக்காரன் இன்னும் போகேல்லை. யோகா, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் வெளிக்கிடுத்துங்கோ."

சனம் வட்டிலப்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் துவாரகாவுக்குக் கண்மை தீட்டி, கிரேக்க உடுப்பை மாட்டி, வெறும் மேடையில் நிறுத்திப் படமெடுத்தோம். ஒரு படத்திலும் அவள் சிரிக்கவில்லை. பண்டைய சிலைகளும் சிரிப்பதில்லை என்று குரு விளக்கினார். வரலாற்றுக்குப் படம்தான் முக்கியம்.

சில வாரங்கள் கழித்துக் கணேசலிங்கம் தொலைபேசி எடுத்தார். மூச்சு வாங்கியது.

"அண்ணை, துவாதான் வகுப்பிலை முதலாம்! அடுத்த வருச வகுப்புக்கும் எடுத்திட்டினம். உங்கடை விமர்சனத்தையும் அதிலை போட்டிருக்கிறாளாம். ஆதாரமா! அடிக்குறிப்பிலை உங்கடை பேர் கிடக்கு அண்ணை!"

"நீர் வாசிச்சனீரோ?"

"எங்கை அண்ணை நேரம்? இங்கிலீசு வேறை. உங்களுக்கு அனுப்பி விடுறன். முரசிலை போடுங்கோ."

எத்தனையோ ஆண்டுகள் எழுதியிருக்கிறேன். கல்விசார் ஆய்வொன்றில் நான் மேற்கோளாவது இதுவே முதல் தடவை. ஆகவே அந்தப் பகுதியைத் தமிழாக்கி, வாசகர் பெருமக்களின் முன் பெருமிதத்தோடு வைக்கிறேன். ஆசிரியை கொடுத்த தலைப்பு: பண்டைய நாகரிகம் ஒன்றைப் பற்றிய நல்ல இணைய மூலம் ஒன்றை, இன்றைய மூலம் ஒன்றோடு ஒப்பிட்டு மதிப்பிடுக. துவாரகா எழுதுகிறாள்:

"கடேஷ் போரில் எதிரிப் படை முழுவதையும் தான் ஒருவனாக நின்று துரத்தியதாக இரண்டாம் ராம்செஸ் கோயில் சுவர்களில் எழுதுவித்தான். அந்த எழுத்துகளை மொழிபெயர்த்தவரின் பெயரோடு தரும் பல்கலைக்கழகத் தளம் ஒன்றில் வாசித்தேன். ஹிட்டைட்டுகளின் பதிவுகள் வேறு கதை சொல்கின்றன. அரசன் மிகைப்படுத்தினான் என்பதில் ஆய்வாளர்களுக்கு ஐயமில்லை. ஆனாலும் அவன் போருக்குப் போயிருந்தான்.

"என் இரண்டாவது மூலம் இன்று பிற்பகல் வெளியான ஒரு விமர்சனம். அது என்னைப் பற்றியது. நம்பகத்தன்மை: இல்லை. எழுதியவர் எங்கள் வீட்டுக்குப் பலமுறை வந்திருக்கிறார். நல்ல தளங்கள் எவை என்று நான் கேட்ட முதல் ஆள் அவர்தான். நான் எந்த நாகரிகத்தைப் படிக்கிறேன் என்று அவர் இன்றுவரை கேட்கவில்லை. மெசப்பொத்தேமியா நான் படிக்கவே இல்லை.

"பயன்: மிக அதிகம். பெரியவர்கள் எனக்காக என்று சொல்லி எதைக் கட்டினார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் மூலம் எனக்குக் கிடைக்கவில்லை. நான் இதை நூலகத்திலிருந்து எழுதுகிறேன். விழா இன்னும் தொடங்கவில்லை. நான் மிகச் சிறப்பாகச் செய்துவிட்டேன் என்று அறிகிறேன். நான் அங்கே போகாவிட்டாலும் இந்த விமர்சனத்தில் ஒரு சொல்லைக்கூட அவர்கள் மாற்றத் தேவையிருக்காது."

மாணவியின் கணிப்பு மிகத் துல்லியமானது. ஒரு சொல்லைக்கூட நாங்கள் மாற்றவில்லை.